ஓவனில் சுடும் நண்டு கேக், இறால்: 35 பேர் விருந்துக்கு எப்படிச் சமாளிப்பது?

கொலம்பியா_கார்த்தி

வணக்கம் மக்களே. அடுத்த மாதம் வீட்டில் ஒரு விருந்து. மனைவி பி.எச்.டி. முடித்திருக்கிறாள், அவளுடைய ஆய்வக நண்பர்கள், இங்கிருக்கும் நம்ம ஊர்க் குடும்பங்கள் எல்லாம் சேர்த்து 35 பேர் வருவார்கள். பிரியாணி, தயிர் சாதம் எல்லாம் வெளியே சொல்லியாயிற்று, அதில் கவலையில்லை. ஸ்டார்ட்டர் மட்டும் நானே செய்கிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். இருப்பது அமெரிக்காவில் மேரிலாந்து, வருகிறவர்களில் பாதிப் பேர் நண்டைப் பற்றிக் கருத்து வைத்திருக்கிறவர்கள். ஆகவே சின்னச் சின்ன நண்டு கேக் (உதிர்த்த நண்டுச் சதையில் செய்கிற கட்லட் மாதிரி), கூடவே இறாலில் ஏதாவது ஒன்று, தொட்டுக்கொள்ள ஒரு சாஸ், இதுதான் திட்டம்.

ஒரே நிபந்தனை, எண்ணெய்ச் சட்டி கிடையாது. டவுன்ஹவுஸ், சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் சுவர் இல்லை, நாலு வடை சுட்டாலே ஸ்மோக் அலாரம் ஊரைக் கூட்டும். எல்லாமே ஓவனில்தான். போன தீபாவளிக்கு ஒரு நண்பர் வீட்டில் ஓவனில் செய்த இறால் சாப்பிட்டேன், மேலே ஒட்டிய தூள் வெள்ளை வெளேர் என்று ஈரமாக இருந்தது, உள்ளே இறால் ரப்பர். அப்படி வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

மதுரை_மீனா

நண்டை ரசம் வைக்கலாம், மிளகு போட்டு வறுக்கலாம், அதைப் போய் கேக் சுட்டு சாஸில் தொட்டுச் சாப்பிடுவதா தம்பி? சரி, அந்த ஊர் வழக்கம் அது என்றால் நான் ஏன் குறுக்கே நிற்கிறேன். வேடிக்கை பார்க்கிறேன்.

பால்டிமோர்_பாலா

கார்த்தி, அந்த இறால் ஏன் அப்படி ஆனது என்பதிலிருந்தே ஆரம்பிப்போம், ஏனென்றால் நண்டு கேக்கும் அதே காரணத்தால்தான் கெடும்.

எண்ணெயில் போட்டால் 180 டிகிரி சூடு ஒரே நேரத்தில் எல்லாப் பக்கமும் பிடிக்கும், மேலே இருக்கும் ஈரம் நொடியில் ஆவியாகிவிடும், தூள் சிவக்கும். ஓவனில் இருப்பது வெறும் காற்று. அதைவிடக் கூட்டி 200 டிகிரி என்று வைத்தாலும் காற்று சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அங்கே 100 டிகிரியைத் தாண்டாது, அது காய்ந்த பிறகுதான் நிறம் மாறவே தொடங்கும். இறால் வேக 8 நிமிடம் போதும். தூள் சிவக்க 20 நிமிடமாவது ஆகும். தூளுக்காகக் காத்திருந்தால் இறால் ரப்பர், இறாலுக்காக எடுத்தால் தூள் வெள்ளை. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓவனிடம் கேட்கக் கூடாது.

அதனால் நிறத்தை முன்பே கொடுத்துவிட வேண்டும். பாங்கோ தூள் (கரகரப்பான ஜப்பானிய ரொட்டித் தூள்) 2 கப், எண்ணெய் 2 மேசைக்கரண்டி, அகலமான தவாவில் மிதமான தீயில் ரவை வறுக்கிற மாதிரி கைவிடாமல் கிளறிப் பொன்னிறமாக வறுத்து ஆறவைத்துவிடு. முதல் நாளே செய்து டப்பாவில் போடலாம். மறுநாள் முட்டையில் தோய்த்த இறாலில் அது ஒட்டும்போதே பொரித்த நிறத்தில் இருக்கும், ஓவனுக்கு மிச்சமிருப்பது இறாலை வேகவைக்கிற வேலை மட்டும்.

அப்புறம் ஈரம். உறைந்த இறாலை முதல் நாள் இரவே ஃபிரிட்ஜில் வடிகட்டியில் வைத்து உருகவிடு, தண்ணீரில் ஊறப்போடாதே. மறுநாள் பேப்பர் டவலில் ஒவ்வொன்றாக ஒற்றி எடு. ஒரு பவுண்டுக்கு அரை டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் சமையல் சோடா பிசறி ஃபிரிட்ஜில் 20 நிமிடம் வைத்தால் வெந்த பிறகும் கடிக்கும்போது நறுக்கென்று இருக்கும். சோடா கூடிவிட்டால் சோப்பு வாடை வரும், அளவுக்கரண்டி எடு. பையில் 21/25 என்று போட்டிருப்பதை வாங்கு. ஒரு பவுண்டுக்கு அத்தனை இறால் நிற்கும் என்பதுதான் அந்த எண். அதைவிடச் சின்னது ஓவனில் சுருங்கிக் காணாமல் போகும்.

425 ஃபாரன்ஹீட், அதாவது 220 டிகிரி. தட்டின் மேல் கம்பி வலை வைத்து அதன் மேல் இறாலை அடுக்கு, அடியிலும் காற்று போகும். 8 நிமிடத்தில் ஒன்றை எடுத்துப் பிளந்து பார். உள்ளே கண்ணாடித் தன்மை போய் வெள்ளையானால் எடுத்துவிடு. வளைந்து வட்டமாகச் சுருண்டிருந்தால் தாமதம் ஆகிவிட்டது.

நண்டு கேக் பெரிய கதை, இரவு வந்து எழுதுகிறேன்.

ஓடிஜி_ஓனர்

பாலா அண்ணா சொன்ன கம்பி வலை சென்னையில் இருக்கிறவர்களுக்கும் பொருந்தும். நம்ம ஓடிஜியில் (மேசை மேல் வைக்கிற சின்ன மின் ஓவன்) இன்னொரு தொல்லை, மேல் கம்பி கொளுத்தும், நடுவில் சூடு குறைவாக இருக்கும். 28 லிட்டர் ஓடிஜியில் ஒரே நேரத்தில் ஒரு தட்டுக்கு மேல் வைத்தால் இரண்டும் வேகாது. மின்விசிறி இருக்கிற மாடல் என்றால் 20 டிகிரி குறைத்து வைக்கலாம். ஏர் ஃபிரையரில் செய்யலாமே என்று யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், நாலு பேருக்கு அது பிரமாதம், 35 பேருக்கு அது முன்னால் நின்றே உங்கள் விருந்து முடிந்துவிடும்.

பால்டிமோர்_பாலா

நண்டு கேக். கடையில் கேன், பிளாஸ்டிக் டப்பா இரண்டிலும் சதை விற்பார்கள். ஜம்போ லம்ப் என்பது நீச்சல் காலை இயக்கும் இரண்டு பெரிய தசைத் துண்டு, முழுதாக இருக்கும், பவுண்டு 30 டாலரைத் தாண்டும். அதற்கு அடுத்து லம்ப், பேக்ஃபின், ஸ்பெஷல் என்று இறங்கி, கடைசியில் கிளா, கொடுக்குச் சதை, நிறம் கொஞ்சம் பழுப்பு, ஆனால் நண்டு வாசனை அதில்தான் அதிகம். ஒரே வாயில் போடுகிற குட்டி கேக்குக்கு ஜம்போ லம்ப் வாங்குவது வீண். பெரிய துண்டு சின்ன அச்சில் உட்காரவும் உட்காராது. லம்ப் பாதி, கிளா பாதி கலந்து வாங்கு. காசும் மிஞ்சும், ருசியும் கூடும். இதை ஒரு மேரிலாந்துக்காரரிடம் சொன்னால் முகத்தைச் சுளிப்பார், நீ சொல்லாதே.

கேன் என்றாலும் அது அலமாரியில் வைக்கிற டின் மீன் கிடையாது. பாஸ்சரைஸ் செய்தது, ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும். திறந்து வடிகட்டியில் கொட்டி அரை மணி நேரம் விட்டால் அடியில் தண்ணீர் தேங்கும். அந்தத் தண்ணீர்தான் ஓவனில் கேக் பரந்து தோசையாவதற்குக் காரணம். அதைத் தடுக்கத்தான் பலர் ரொட்டித் தூளை அள்ளிக் கொட்டுகிறார்கள். வடித்தாலே போதும், தூள் குறைவாகவே பிடிக்கும். வடிந்ததும் பெரிய தட்டில் பரப்பி விரலால் தடவி ஓட்டுத் துண்டு இருக்கிறதா பார், நசுக்காமல்.

ஒரு பவுண்டு சதைக்கு: ஒரு முட்டை, கால் கப் மயோனைஸ், டிஜான் கடுகு விழுது 2 டீஸ்பூன், வூஸ்டர்ஷர் சாஸ் 2 டீஸ்பூன், ஓல்ட் பே மசாலா ஒன்றரை டீஸ்பூன், கொஞ்சம் பார்ஸ்லி, எலுமிச்சை சில துளி. இதையெல்லாம் முதலில் ஒன்றாக அடித்து, அப்புறம் பொடித்த சால்டின் பிஸ்கட் அரை கப் சேர்த்து 5 நிமிடம் விடு, பிஸ்கட் ஈரத்தை இழுத்துக் குழைந்துவிடும். கடைசியில் நண்டைப் போட்டு ரப்பர் கரண்டியால் அடியிலிருந்து புரட்டு, பிசையாதே. உப்பு போடவே போடாதே, பிஸ்கட்டில் உப்பு, ஓல்ட் பேயில் உப்பு, நண்டிலேயே உப்பு. ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் மூடி வைத்தால் இறுகும்.

24 குழி இருக்கிற மினி மஃபின் தட்டில் வெண்ணெய் தடவி, ஒவ்வொன்றிலும் ஒரு மேசைக்கரண்டி கூம்பாக வை. ஒரு பவுண்டுக்கு ஒரு தட்டு நிறையும். உன் வறுத்த பாங்கோவில் கொஞ்சம் எடுத்து மேலே தூவு. 400 ஃபாரன்ஹீட், 15 நிமிடம். உள்ளே 145 ஃபாரன்ஹீட், 63 டிகிரி வந்தால் போதும். எடுத்த உடனே கிளப்பினால் உடையும், 5 நிமிடம் தட்டிலேயே விட்டு வெண்ணெய்க் கத்தியால் ஓரம் சுற்றி எடு.

ஓல்ட் பே பற்றி ஒரு வார்த்தை. நாஜிகளிடமிருந்து தப்பி பால்டிமோருக்கு வந்த கஸ்டாவ் பிரன் என்ற ஜெர்மன் யூதர் சேர்த்த மசாலா அது, 1990இல் மெக்கார்மிக் வாங்கிக்கொண்டது. செலரி உப்பு, மிளகு, மிளகாய், பாப்ரிகா முன்னால் தெரியும். ஊர்க்காரர்கள் இதை சோளத்துக்கும் சிப்ஸுக்கும்கூடத் தூவுவார்கள். கரம் மசாலா போட்டு 'நம்ம டச்' கொடுக்கலாமா என்று கேட்காதே, நண்டு காணாமல் போய்விடும்.

மதுரை_மீனா

மிளகு நண்டு வறுவல்ல நண்டு காணாமலா போச்சு?

பால்டிமோர்_பாலா

அக்கா, அது ஓட்டோடு இருக்கிற நண்டு. மசாலா ஓட்டில் இருக்கும், உறிஞ்சிவிட்டு உள்ளே சதையைத் தனியாக எடுத்துச் சாப்பிடுகிறோம். இது உதிர்த்த சதை, போட்டதெல்லாம் அதற்குள்ளேயே போகும்.

காசிமேட்டு_நண்டு

கேன் வாங்கும்போது பின்பக்கம் திருப்பிப் படியுங்கள். காலினெக்டஸ் சாப்பிடஸ் என்று இருந்தால் மேரிலாந்தின் செசபீக் விரிகுடாப் பக்கத்து நீல நண்டின் இனம். போர்ட்யூனஸ் என்று இருந்தால் அது ஆசியக் கடல் நண்டு, நாம் நீலக்கால் நண்டு என்று சொல்கிறோமே, அது. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், வியட்நாம், இலங்கை, இந்தியா என்று பல நாட்டிலிருந்தும் அமெரிக்காவுக்குப் போயிருக்கிறது. பாக் நீரிணைப் பக்கம் சின்னப் படகில் நண்டு வலை போட்டுப் பிடிக்கிறார்கள், ராமநாதபுரம் பக்கம் கம்பெனிகளில் பெண்கள் உட்கார்ந்து சதை எடுக்கிறார்கள். கார்த்தி தம்பி பால்டிமோர் பக்கத்தில் கேனைத் திறந்தால் உள்ளே மண்டபத்து நண்டு இருக்க வாய்ப்பு உண்டு.

ருசி என்று கேட்டால் அந்த ஊர் நண்டில் இனிப்பும் கொழுப்பும் கொஞ்சம் கூடுதல் என்பது என் அபிப்பிராயம், நம்முடையது சாது. கேக்குக்கு இரண்டுமே சரி. அங்கே மேரிலாந்து நண்டு என்று எழுதி விற்பதற்கு விலை தனி.

ஊரில் இருந்து செய்கிறவர்களுக்கு: கேன் தேட வேண்டாம். நீலக்கால் நண்டை முழுதாக ஆவியில் 12 நிமிடம் வேகவைத்து ஆறவிட்டு எடுங்கள். தண்ணீரில் போட்டு வேகவைத்தால் சதை தண்ணீர் குடித்துவிடும், பாலா சொன்ன தோசைக் கதைதான். கையால் எடுக்கிற வேலை பொறுமையைச் சோதிக்கும், ஒரு கிலோ நண்டில் கால் கிலோ சதை எடுத்தால் நீங்கள் கெட்டிக்காரர். தூக்கிப் பார்த்துக் கனமாக இருக்கிற நண்டாக வாங்குங்கள், ஓடு மாற்றியது உள்ளே காலியாக இருக்கும். கூட்டம் பெரிது என்றால் பாறை, சீலா மாதிரி மீனை வேகவைத்து உதிர்த்துப் பாதி கலந்துகொள்ளலாம். சூரை போட்டால் ஓவனில் வறண்டுபோகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அப்போது பெரிய படகு போகாது, விலை எகிறும். அந்த நாட்களில் விருந்து வைத்தால் காளான் சுடுங்கள்.

கடலைமிட்டாய்

இவ்வளவு மெனக்கெடாமல் நண்டு ஸ்டிக் வாங்கிப் பிய்த்துப் போட்டால் என்ன? சிவப்பு, வெள்ளையாகப் பாக்கெட்டில் வருமே.

பால்டிமோர்_பாலா

அது நண்டே கிடையாது, பெரும்பாலும் அலாஸ்கா பொல்லாக் மீனை அரைத்துச் செய்த சுரிமி, மாவும் சர்க்கரையும் சேர்த்தது. குறை சொல்லவில்லை, க்ரீம் சீஸில் கலந்து குட்டி ஃபைலோ கிண்ணத்தில் (மெல்லிய மாவுத் தாளில் செய்தது) வைத்துச் சுட்டால் குழந்தைகள் காலி செய்துவிடுவார்கள். ஆனால் நண்டு கேக் என்று பெயர் சொல்லி மேரிலாந்தில் அதை நீட்டாதீர்கள்.

இரவு_நர்ஸ்

நண்டு ஸ்டிக் பற்றி இன்னொன்று. நண்டு இல்லையே என்று நண்டு ஒவ்வாமை இருக்கிறவருக்கு அதைக் கொடுத்துவிடாதீர்கள், வாசனைக்காக நண்டுச் சாறு சேர்க்கிற பிராண்டுகள் உண்டு.

ஒவ்வாமையை ஏன் இழுக்கிறேன் என்றால் 35 பேர் என்கிறீர்கள், அதில் உங்களுக்குத் தெரியாதவர்கள் பாதி. நண்டு, இறால் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் ட்ரோபோமயோசின் என்ற புரதம், வேகவைத்தாலும் சுட்டாலும் அது அழியாது. 'நன்றாக வெந்துவிட்டது, சாப்பிடலாம்' என்று யாரும் உபசாரம் செய்யக் கூடாது. பெரியவரான பிறகு புதிதாக வருவதும் உண்டு. அழைப்பிலேயே ஒரு வரி கேட்டுவிடுங்கள்.

எல்லோரும் மறப்பது சாஸ் கிண்ணத்தை. ஒரு பெரிய கிண்ணம் நடுவில் வைத்தால் இறாலைத் தொட்டவரும் காய்கறி தொட்டவரும் அதிலேயே முக்குவார்கள். கடல் உணவுக்குத் தனிக் கிண்ணம், மற்றதற்குத் தனிக் கிண்ணம், மேசையின் இரண்டு ஓரத்தில் வையுங்கள். அப்புறம் நேரம்: 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் எந்தக் கடல் உணவும், மயோனைஸ் சாஸும் 2 மணி நேரத்துக்கு மேல் மேசையில் இருக்கக் கூடாது. வெளியே டெக்கில் வைத்து வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். சாஸை சின்னக் கிண்ணத்தில் வைத்து, தீர்ந்ததும் ஃபிரிட்ஜிலிருந்து புதுக் கிண்ணம் எடுங்கள். பழைய கிண்ணத்தின் மேலேயே ஊற்றி நிரப்புவது நம் வழக்கம், அதை விட்டுவிடுங்கள்.

ஸ்கார்பரோ_சுதா

தம்பி கார்த்தி, இங்கே டொரொண்டோவில் எங்கட வீட்டு விசேஷம் என்றால் ஷார்ட் ஈட்ஸ் இல்லாமல் தொடங்காது. ரோல்ஸ், கட்லட், பற்றிஸ் எல்லாம் எண்ணெயில் பொரிப்பது. ஆனால் அவணில் சுடுகிற மீன் பணிஸ் (பன்), மீன் பேஸ்ட்ரி இருக்கு. கையில் பிடித்துச் சாப்பிட வசதி, ஆறினாலும் நல்லா இருக்கும், நண்டு கேக் மாதிரி சுடச்சுட ஓடத் தேவையில்லை. மூன்றாவதாக அதைச் சேர்த்துக்கொள்ளுங்கோ.

டின் மீன் எடுத்துத் தண்ணியை முழுக்க வடித்து முள்ளை எடுத்துவிட்டு, வெங்காயம், லீக்ஸ், உள்ளி (பூண்டு), பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, மீனைப் போட்டு, அவித்த உருளைக்கிழங்கு கொஞ்சம் மசித்துச் சேர்த்து, மிளகுத்தூள், தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு) விட்டுப் பிரட்டுங்கோ. அடுப்பில் வைத்தே ஈரம் போகப் பிரட்ட வேணும். ஆறவிட்ட பிறகுதான் பஃப் பேஸ்ட்ரிக்குள் வைக்க வேணும். சூடாக வைத்தால் உள்ளே வெண்ணெய் உருகிப் பேஸ்ட்ரி எழும்பாது, அடி பச்சை மாவாக நிற்கும். முட்டை தடவி 400 ஃபாரன்ஹீட்டில் 20 நிமிஷம். முதல் நாள் மடித்து அடுக்கி ஃப்ரீஸரில் வைக்கலாம், உருகவிடாமல் அப்படியே அவணுக்குள் தள்ளுங்கோ, அஞ்சு நிமிஷம் கூட எடுக்கும்.

சாஸ் எப்படிச் செய்வது என்று ஒருவரும் இன்னும் சொல்லவில்லையே? கேக்கிலேயே மயோனைஸ், அதுக்குத் தொட்டுக்கொள்ளவும் மயோனைஸ் என்றால் இரண்டாவது துண்டு யார் எடுப்பார்கள்? எங்கட முறை: வினாகிரி அரைக் கப், சீனி அரைக் கப், தண்ணி கொஞ்சம், செத்தல் (காய்ந்த) மிளகாய்த் துகள், நசுக்கின உள்ளி, உப்பு. கொதித்துப் பாகு பிடிக்கத் தொடங்கும்போது இறக்கி, ஆறினதும் தேசிக்காய். உறைப்பு, புளிப்பு, இனிப்பு மூன்றும் இருக்கும். ஒரு கிழமைக்கு (வாரத்துக்கு) முன்னமே செய்து வைக்கலாம், பழுதாகாது.

பால்டிமோர்_பாலா

சுதா அக்கா சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன். இறாலுக்கு உங்கள் மிளகாய் சாஸ் அருமை. நண்டு கேக்கில் அவ்வளவு காரமும் சீனியும் வந்தால் நண்டின் இனிப்பு தெரியாது. அதற்கு ரெமுலாட் (மயோனைஸில் ஊறுகாய் கலந்த பிரெஞ்சு சாஸ்) மாதிரி ஒன்று வேண்டும், ஆனால் கனமாக இல்லாமல். என் அளவு: மயோனைஸ் அரை கப், நன்றாக வடிகட்டிய தயிர் அரை கப், டிஜான் ஒரு மேசைக்கரண்டி, பொடியாக நறுக்கிய ஊறுகாய் வெள்ளரி 2 மேசைக்கரண்டி, கேப்பர் (ஊறுகாய் போட்ட பூமொட்டு) ஒரு மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு, ஓல்ட் பே ஒரு சிட்டிகை. வெள்ளரியையும் கேப்பரையும் பிழிந்துவிட்டுப் போடு, இல்லாவிட்டால் மேசையில் வைத்த கொஞ்ச நேரத்தில் சாஸ் நீர்த்துவிடும். முந்தின நாள் கலந்தால்தான் ருசி சேரும்.

ஓடிஜி_ஓனர்

கேப்பர் கிடைக்காத ஊரில் எலுமிச்சை ஊறுகாய்த் தோலைக் கழுவிப் பொடியாக நறுக்கிப் போட்டுப் பாருங்கள். அதே உப்பும் புளிப்பும்.

மயோனைஸ் பற்றி ஒரு தகவல், சென்னையில் செய்கிறவர்களுக்கு. பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது, கேரளம் 2023லேயே செய்தது. சால்மொனெல்லா பயம்தான் காரணம். வீட்டில் மிக்ஸியில் அடித்து விருந்துக்கு வைப்பதைத் தவிர்த்துவிடுங்கள், நம்ம வெயிலில் ஹால் மேசையே ஆபத்தான இடம். முட்டை இல்லாத பாட்டில் மயோனைஸ், இல்லையென்றால் முழுக்கவே வடிகட்டிய தயிரில் வறுத்த சீரகம், பச்சை மிளகாய், புதினா. இறாலுக்கு அது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

சைவப்_பூனை

நான் சாப்பிடாதவன், ஆனாலும் படிக்க நன்றாக இருக்கிறது. எங்கள் மாதிரி ஆட்களுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் கார்த்தி? கேரட் குச்சியா?

கொலம்பியா_கார்த்தி

வெஜ் பஃப்ஸ் கடையில் வாங்கலாம் என்று நினைத்தேன்...

பால்டிமோர்_பாலா

வாங்காதே. மேரிலாந்திலேயே அதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. சுக்கினியை (வெள்ளரி மாதிரி இருக்கும் காய்) துருவி உப்புப் பிசறி, துணியில் கட்டிப் பிழிந்து, ஓல்ட் பே, ரொட்டித் தூள், முட்டை, கொஞ்சம் மயோனைஸ் சேர்த்து நண்டு கேக் மாதிரியே தட்டுவார்கள். தோட்டத்தில் சுக்கினி குவிகிற மாதத்தில் ஊரில் பல வீட்டில் நடக்கும். முட்டைக்குப் பதில் மசித்த உருளைக்கிழங்கு போட்டால் நம்ம சைவக்காரர்களுக்கும் ஆகும், அப்போது மயோனைஸும் முட்டை இல்லாததாக வாங்கு. வூஸ்டர்ஷர் சாஸைத் தொடாதே, அதில் நெத்திலி மாதிரி சின்ன மீன் இருக்கிறது, லேபிளில் ஆங்கோவி என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். நம்ம ஆட்கள் பலருக்கு இது தெரியாது.

இதைத்தான் முதலில் சுட வேண்டும், தனித் தட்டில். நண்டு போன ஓவனில் பின்னால் வைத்தால் வாடை பிடிக்கும், பூனை மோப்பம் பிடித்துவிடும்.

சைவப்_பூனை

பிடிக்கும். நன்றி பாலா.

கொலம்பியா_கார்த்தி

எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு ஓவன், இத்தனை தட்டு. நேரத்தை எப்படிப் பிரிப்பது? எல்லாவற்றையும் முன்பே சுட்டு, வந்ததும் மைக்ரோவேவில் சூடாக்கிக் கொடுத்தால்?

இரவு_நர்ஸ்

மைக்ரோவேவில் இறால்... வேண்டாமே.

ஸ்கார்பரோ_சுதா

முதலில் சைவம், பிறகு பேஸ்ட்ரி, இரண்டும் ஆட்கள் வர முன்னமே சுட்டு எடுக்கலாம். பேஸ்ட்ரியை 200 ஃபாரன்ஹீட்டில் வைத்தால் ஒரு மணித்தியாலம் மொறுமொறுப்பாகவே இருக்கும், மூடி மட்டும் போடாதீங்கோ, ஆவி அடைத்தால் நமுத்துப்போகும். நண்டு கேக்கை ஆட்கள் வந்து கோட்டைக் கழற்றின பிறகு உள்ளே தள்ளுங்கோ. இறால் கடைசி.

பால்டிமோர்_பாலா

அப்படியே. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மேசையில் குவித்துக் காட்ட வேண்டும் என்ற ஆசையை மட்டும் விடு. அது கல்யாண வீட்டு பந்தி. ஸ்டார்ட்டர் என்பது ஒவ்வொரு தட்டாகச் சூடாக வெளியே வர வர நின்றுகொண்டே எடுத்துச் சாப்பிடுவது. 35 பேரில் கடல் உணவு தொடுகிறவர் 25 என்று வை. தலைக்கு இரண்டு கேக், மூன்று இறால், ஒரு பேஸ்ட்ரி. பின்னால் பிரியாணி இருக்கிறது. ஆக இரண்டு பவுண்டு நண்டு, மூன்றரை பவுண்டு இறால். கேக் கலவையை முதல் நாள் இரவு செய்து மூடி ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீஸரில் வைக்காதே, உருகும்போது தண்ணீர் விடும். இறாலில் தூள் ஒட்டுவதை மட்டும் கடைசி அரை மணி நேரத்துக்கு வை, முன்பே ஒட்டினால் வறுத்த வேலை வீண்.

ஓவனை 15 நிமிடம் முன்பே சூடாக்கு. சூடாகிவிட்டது என்று ஓவன் மணி அடித்த உடனே தட்டை வைத்தால் கதவைத் திறக்கும்போதே பாதிச் சூடு போய்விடும்.

மதுரை_மீனா

கார்த்தி தம்பி, விருந்து முடிந்ததும் என்ன ஆச்சு என்று வந்து எழுது. பாதிப் பேர் இங்கே கேட்டுவிட்டுக் காணாமல் போகிறார்கள்.

கொலம்பியா_கார்த்தி

மீனா அக்கா, வந்துவிட்டேன். நேற்று முடிந்தது.

நண்டு கேக் இரண்டு தட்டும் காலி. பக்கத்து வீட்டுக்காரர் பிறந்ததே ஈஸ்டர்ன் ஷோர் (செசபீக் விரிகுடாவின் கிழக்குக் கரை), எத்தனை தூள் போட்டாய் என்று மட்டும் கேட்டார், அரை கப் என்றேன், தலையாட்டிவிட்டு இன்னொன்று எடுத்தார். லம்ப்பில் கிளா கலந்ததை அவரிடம் சொல்லவில்லை. கேன் போர்ட்யூனஸ்தான், இந்தோனேசியா. மண்டபம் கிடைக்கவில்லை.

இறால் சிவந்து வந்தது, கடித்தால் சத்தம் கேட்டது. தூள் ஒட்டுவதற்குத்தான் ஆள் வேண்டும், ஒரு கை முட்டைக்கு, ஒரு கை தூளுக்கு என்று மச்சானை நிறுத்தினேன். சுதா அக்கா சாஸ் முதலில் தீர்ந்தது, ஆய்வகத்து நண்பர்கள் நண்டு கேக்குக்கும் அதையே தொட்டார்கள், பாலா மன்னிக்கவும். ரெமுலாட் கொஞ்சம் மிஞ்சியது, இன்று காலை பிரெட்டில் தடவிச் சாப்பிட்டோம்.

சுக்கினி கேக் பரவாயில்லை, ஆனால் பிழிந்தது போதவில்லை என்று நினைக்கிறேன், அடி கொஞ்சம் மெதுமெதுவென்று இருந்தது. சைவக்காரர்கள் குறை சொல்லவில்லை, அவர்கள் குறை சொல்கிற ஆட்களும் இல்லை. அழைப்பில் ஒவ்வாமை கேட்டதில் ஒரு குழந்தைக்கு இறால் ஆகாது என்று தெரிந்தது, அவர்கள் குடும்பத்துக்குத் தனித் தட்டு எடுத்து மாடியில் வைத்துவிட்டேன். இரவு_நர்ஸுக்கு அதற்காகத் தனியாக நன்றி.

ஸ்மோக் அலாரம் ஒருமுறை அடித்தது. மஃபின் தட்டில் வெண்ணெய் அதிகம்.

பால்டிமோர்_பாலா

அடுத்த தடவை எண்ணெய் ஸ்ப்ரே அடி. சாஸ் விஷயத்தில் சுதா அக்கா ஜெயித்தார், ஒப்புக்கொள்கிறேன், அதுவும் அவர்களுக்கு நண்டு ருசி தெரியாததால்தான்.

ஸ்கார்பரோ_சுதா

நல்லா இருக்கு உங்கட நியாயம்!

கடலைமிட்டாய்

நான் சுரிமி, க்ரீம் சீஸ், ஃபைலோ கிண்ணம் செய்தேன். குழந்தைகள் காலி செய்தார்கள். ஒரு சந்தேகம், சுட்ட கிண்ணம் ஒரு மணி நேரத்தில் நமுத்துவிட்டது, ஏன்?

பால்டிமோர்_பாலா

க்ரீம் சீஸில் ஈரம். கிண்ணத்தை வெறுமையாக 5 நிமிடம் சுட்டு எடுத்துக்கொள்ளுங்கள், சுரிமியைப் பிழிந்து கலவை தயார் செய்து ஃபிரிட்ஜில் வையுங்கள், ஆட்கள் வந்த பிறகு நிரப்பி இன்னொரு 8 நிமிடம்.